வால் கட்டியாச்சு, கேப்டன்!

படகின் அடிவயிற்றில் யாரோ சம்மட்டியால் அறைந்தது போல ஒரு சத்தம். தொடர்ந்து, இரும்பு எதையோ மென்று விழுங்க முடியாமல் திணறுகிற முனகல். பிறகு எஞ்சின் நின்றுவிட்டது.

பாய்மரத்தடியில் பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. எஞ்சின் ஓசை போனதும் மழைச் சத்தம் மட்டும்தான். கிழக்கே மேட்டுக்கு மேல் கறுத்துக் கிடந்த மேகம் எங்கள் தலைக்கே வந்திருந்தது.

"என்ன ஆச்சு, ரோலண்ட்?" முன்முனையில் நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்ற அம்மா கத்தினாள்.

சுக்கானைப் பிடித்திருந்த அப்பா சாவியைத் திருப்பினார். ஒரு இருமல். மறுபடியும் திருப்பினார். அந்த இருமலும் இல்லை.

நான் பின்பக்கம் ஓடிப் பார்த்தேன். எங்களைத் தொடர்ந்து சமர்த்தாக மிதந்து வர வேண்டிய சின்ன ரப்பர் படகு, எங்கள் படகின் பின்சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. அதைக் கட்டியிருந்த கயிறு விறைப்பாக, நேரே தண்ணீருக்கு அடியில் போயிருந்தது.

"அப்பா, கயிறு! எஞ்சின் விசிறியில சுத்திக்கிச்சு!"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பாறைத் திட்டைத்தான் பார்த்தார்.

மேரோ தீவின் அந்த வளைகுடா பிறை மாதிரி இருக்கும். அதன் வாயில் ஒரு பக்கம் முழுக்கப் பவளப்பாறை. காற்று எங்களை அந்தப் பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரம் போட்டிருந்தோம். ஆனால் போடுவது பாதி வேலைதான். போட்ட பிறகு படகைப் பின்னோக்கி ஓட்டி, நங்கூரம் மணலைக் கவ்வும் வரை இழுக்க வேண்டும். அந்த இழுப்புதான் நடுவில் நின்றுபோயிருந்தது. கவ்வாத நங்கூரம் கடலடி மணலில் கோடு கிழித்துக்கொண்டு எங்களோடு வந்தது.

"மார்வா, சங்கிலிய விடு! இருக்கிறதெல்லாம் விடு!"

அம்மா விசையை அழுத்தினாள். சங்கிலி கடகடவென்று இறங்கியது. நாங்கள் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் படகை உரசாத குறையாகக் கடந்தோம். அதில் நின்ற பெண்ணின் கையில் காபிக் கோப்பை இருந்தது. அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவள் எங்களையே பார்த்தாள். அடியில் நீலமாக இருந்த தண்ணீர் பச்சையானது. பச்சை, பழுப்பானது.

"இயேசுவே," என்றாள் அம்மா. கத்தவில்லை. பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்வது போலச் சொன்னாள்.

சங்கிலி தீர்ந்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி, முகத்தைக் காற்றுக்குத் திருப்பி நின்றது. நங்கூரம் எங்கேயோ கவ்வியிருந்தது. பின்பக்கம் பாறைக்கும் எங்களுக்கும் நடுவே, நான் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டால் போய் விழுகிற தூரம்தான் இருந்தது.

அப்பா சுக்கானை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"கெரிசா! பின்னாடி கயிற இழுத்துக் கட்டணும்னு தெரியாதா உனக்கு? இத்தன வருஷமா படகுல வர்ற!"

எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அந்தக் கயிறு எப்போதுமே என் வேலையாக இருந்ததில்லை.

அது என் தம்பியின் வேலை.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதிருந்து ஈஸ்டர் என்றால் எங்களுக்கு இதுதான். டிரினிடாடிலிருந்து செயின்ட் வின்சென்டுக்கு விமானத்தில் வருவோம். வெறும் படகை வாடகைக்கு எடுப்போம். ஓட்ட ஆள் கிடையாது, சமைக்க ஆள் கிடையாது, எல்லாம் நாமேதான். அப்பா சுக்கான். அம்மா முன்முனையில் நங்கூரம். எனக்குப் பாய். ஜெவானுக்கு ஏழு வயதானபோது, "எனக்கு ஒரு வேலையும் இல்லையா?" என்று அழுதான். அப்பா அவனைப் பின்பக்கம் உட்காரவைத்தார்.

"ரப்பர் படகுதான் நம்ம படகோட வாலு. நாம பின்னால போறப்ப வால் நீளமாத் தொங்கினா, நம்ம வாலையே நாம மிதிச்சுடுவோம். நீ கயிற இழுத்துக் கிட்டக்க கட்டு. கட்டிட்டுச் சத்தம் குடு. உன் சத்தம் கேக்காம நான் பின்னால போக மாட்டேன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை நங்கூரம் போடும்போதும் பின்னாலிருந்து அந்தக் குரல் வரும். "வால் கட்டியாச்சு, கேப்டன்!" குரல் உடைகிற வயதில் அது பாதியில் கீச்சென்று மேலே போகும். நானும் அம்மாவும் சிரிப்போம். அவன் கோபித்துக்கொண்டு மறுபடியும் கனத்த குரலில் சொல்லிக் காட்டுவான். பதினாறு வயதில் அது அப்பாவின் குரலாகவே ஆகிவிட்டது.

பதினேழில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. திங்கள்கிழமை தலைவலி என்றான். அந்த வாரம் முடிவதற்குள் அவனைப் புதைத்துவிட்டு வந்தோம். அதன் பிறகு வருகிற முதல் ஈஸ்டர் இது.

அப்பா அழவில்லை. அடக்கம் முடிந்த வாரமே ஜெவானின் அறைக்கு வெள்ளையடித்தார். கட்டிலைத் தேவாலயத்துக்குக் கொடுத்தார். ஏசி பழுது பார்க்கிற தன் கடையில் விடிந்ததிலிருந்து அடையும் வரை கிடந்தார். அவனுடைய பெயர் அவர் வாயில் வரவில்லை. நாங்கள் சொன்னாலும் எழுந்து போய்விடுவார். ஒருமுறை அம்மா, "ஜெவானுக்குப் பிடிச்ச கலலூ கீரை" என்று தட்டில் வைத்தாள். தட்டோடு எழுந்து போய்ச் சமையலறையில் நின்று சாப்பிட்டார்.

ஆனால் பிப்ரவரி மாதம் போல, அவராகவே படகுக்காரர்களுக்குத் தொலைபேசி போட்டார். எப்போதும் எடுக்கிற அதே படகு.

புறப்படுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் அம்மா பெலாவ் சோற்றுக்குக் கோழி வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

"டூடூ, கண்ணு, நான் உங்க ஜாய்ஸ் சித்திகிட்டப் பேசிட்டேன். டொபேகோவுல அவ வீட்டு மேல ரெண்டு ரூம் சும்மாத்தான் கெடக்கு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்கிற பாரு." கத்தியைக் கீழே வைத்தாள். "இந்த ஆளுக்கு மகன்னு ஒருத்தன் இருந்தானா இல்லையான்னே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. நான் மட்டும் கனவு கண்டேனோ? படகுல ஒரு வாரம் இருப்போம். அவன் ஓடியாடின எடம். அங்கயாவது ஒரு தடவ, ஒரே ஒரு தடவ அவன் பேர இவர் வாயால சொல்லட்டும். நான் வீட்டுக்கு வர்றேன். இல்லேன்னா ஊர் திரும்பின அன்னைக்கே நான் டொபேகோ கப்பல் ஏறிடுவேன்."

"அம்மா, அவர் அப்படித்தான். உனக்குத் தெரியாதா?"

"தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். அவன் இல்லாத வீட்டுல இருந்துடுவேன் கெரிசா. அவன் இருந்ததே இல்லைங்கிற வீட்டுல என்னால இருக்க முடியாது."

அதனால் நான் அந்த வாரம் முழுக்க அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகு நிலையத்தில் பெர்ட்ராண்ட் எங்களைப் பார்த்ததும் கையை விரித்துக்கொண்டு வந்தார். எங்களுக்குப் படகு கொடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவர். நான்கு உயிர்காப்புச் சட்டைகளை எடுத்துப் பலகையில் போட்டார்.

"எங்க நம்ம சின்ன கேப்டன்? விமானத்துலயே தூங்கிட்டானா?"

அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அப்பா நான்கில் ஒரு சட்டையை எடுத்து பெர்ட்ராண்டிடமே திருப்பிக் கொடுத்தார்.

"மூணு போதும். இந்தத் தடவ அவன் வரல."

"பரீட்சையா?"

"தண்ணி டேங்க் ரொப்பிட்டீங்களா?" என்றார் அப்பா.

அம்மா என் கையை விட்டாள். அதற்குப் பிறகு படகில் அவள் அப்பாவிடம் பேசியதெல்லாம் வேலைப் பேச்சுதான். இடதுபக்கம் பாறை. உப்பு எங்கே. மிதவை தெரியுது. முதல் இரண்டு நாளும் மிதவைகளில் படகைக் கட்டினோம். மிதவை என்றால் கொக்கிக் கம்பால் பிடித்துக் கட்டிவிடலாம், பின்னோக்கி ஓட்டத் தேவையில்லை. அதனால் வாலைப் பற்றி யாரும் நினைக்க வேண்டி வரவில்லை.

புனித வெள்ளி காலை இங்கே வந்தபோது மிதவை ஒன்றும் காலி இல்லை. நங்கூரம்தான் போட வேண்டும் என்றார் அப்பா. கிழக்கே மழை கட்டிக்கொண்டு வந்தது. அம்மா நங்கூரத்தை இறக்கிவிட்டு, பின்னால போ என்று கையை அசைத்தாள். அப்பா சுக்கானைப் பிடித்தபடி சும்மா நின்றார். அம்மா மறுபடியும் அசைத்தாள். அப்போதும் நின்றார். மழை வருவதைப் பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு நான் பாயைச் சுருட்டினேன். "போ ரோலண்ட், காத்து வருது! என்னத்துக்கு மரம் மாதிரி நிக்கிற?" என்று அம்மா கத்தினாள். அதன் பிறகுதான் அவர் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினார்.

அதன் பிறகுதான் அந்தச் சத்தம்.

முதல் மழை கடந்து போனது. கிழக்கே அடுத்த மேகம் தயாராக நின்றது. அப்பா படகு நிலையத்துக்குத் தொலைபேசி போட்டு, ஒலிபெருக்கியில் வைத்தார்.

"கேப்டன், இன்னிக்குப் புனித வெள்ளி," என்றார் பெர்ட்ராண்ட், ஏதோ எங்களுக்குத் தெரியாத விஷயம் போல. "முக்குளிக்கிற பையன எங்க போய்த் தேடுவேன்? கெடச்சாலும் இன்னிக்குத் தண்ணில கால் வைக்க மாட்டான். நாளைக்கு விடியக்காலம் அனுப்புறேன். அதுவரைக்கும் நங்கூரம் புடிச்சுக்குமா?"

"புடிச்சுக்கும்," என்று சொல்லி வைத்துவிட்டார் அப்பா. பிறகு பாறையைப் பார்த்தார். அவருக்கே நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது.

கரையிலிருந்து ஒரு மரப்படகு எஞ்சின் இரைச்சலோடு வந்தது. மஞ்சள் பனியன், தலையில் துண்டு. எல்லோரும் அவரை பம்கின் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிற படகுகளுக்கெல்லாம் ரொட்டி, பனிக்கட்டி, சிங்கி இறால் விற்பவர். வருஷா வருஷம் எங்களை ஏமாற்றுகிறவர். ஜெவான் மட்டும் ஏமாறவே மாட்டான்.

"என்ன டிரினிக்காரரே, பாறையோட கல்யாணமா?" என்று கத்தினார். "ஒரு கயிறு போடு. நான் புடிச்சுக்கறேன். என் எஞ்சின் சின்னது. அடுத்த மழை அடிச்சா என்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும், சொல்லிட்டேன்."

கயிற்றை அவரிடம் போட்டேன். அப்பா குனிந்து கேட்டார்.

"நீங்க கொஞ்சம் எறங்கிப் பார்ப்பீங்களா? கத்தி தர்றேன்."

பம்கின் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கா? நானா? புனித வெள்ளில கடல்ல எறங்கினா மீனாப் போயிடுவேன் கேப்டன். எங்க அம்மா என்னை மீனா மாறவா பெத்தா? நாளைக்கு என் பொண்டாட்டியே என்னைப் பொரிச்சு வித்துடுவா, அவளுக்கு ஆள் அடையாளம் எங்க தெரியும்." சிரித்துவிட்டு, எங்கள் படகின் பின்பக்கத்தைக் கண்ணால் துழாவினார். "அது சரி, அந்தப் பையன் எங்க? உள்ள தூங்கறானா? அவன் இருந்தா இந்தக் கயிறு இப்படிப் போயிருக்காதே!"

அலை பின்சுவரில் அறைந்து தண்ணீர் எங்கள் காலில் தெறித்தது.

அம்மா முன்முனையிலிருந்து மெதுவாக நடந்து வந்தாள். நேரே அப்பாவின் முன்னால் நின்றாள்.

"கேக்கிறாரில்ல? சொல்லு. இந்தத் தடவ வரலன்னு இவர்கிட்டயும் சொல்லு."

"மார்வா, இப்ப வேண்டாம்."

"எப்ப? எந்த வருஷம்? கெரிசாவத் திட்டினியே, கயிற இழுக்கலன்னு. அது யாரு வேலை? யாரு வேலைன்னு சொல்லு. பேரச் சொல்லு ரோலண்ட்."

அப்பாவின் தாடை அசைந்தது. ஏதோ வரப் போகிறது என்று நினைத்தேன். அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"ரொட்டி வெட்டற கத்தி எங்க? அதுலதான் பல்லு இருக்கு."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "போதும் எனக்கு," என்றாள். பிறகு பம்கினிடம் திரும்பி, வேலைக்காரிக்குச் சம்பளம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள். "அவன் செத்துட்டான் தம்பி. போன வருஷம். காய்ச்சல்ல."

பம்கின் தலைத்துண்டை உருவி மடியில் வைத்துக்கொண்டார். மழைத்தூறல் அவருடைய வழுக்கையில் விழுந்தது. "அய்யோ அக்கா," என்றார். எஞ்சினைக் கொஞ்சம் கூட்டி, கயிற்றை இறுக்கினார்.

கத்தியை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அப்பா சட்டையோடு நின்று முக்குளிக்கிற முகக்கண்ணாடியை மாட்டினார். கத்திக்குக் கை நீட்டியபோது அம்மா குறுக்கே வந்தாள். இது வேறு குரல்.

"இன்னிக்கு எறங்காத."

"வேற வழி இல்ல."

"புனித வெள்ளி, ரோலண்ட்! அவன் அன்னைக்குக் குதிச்சான். நான் சொல்லச் சொல்லக் குதிச்சான். எனக்கு மறக்கல."

எனக்கும் மறக்கவில்லை. பத்து வயதில் ஜெவான், மீனாக மாறுகிறேனா பார்க்கிறேன் என்று புனித வெள்ளியன்று இதே வளைகுடாவில் குதித்தான். மேலே வந்து, "அம்மா, முதுகுல செதில் வந்திருக்கா பாரு! வந்திருந்தா இனிமே ஸ்கூலுக்குப் போக வேண்டாம்!" என்றான். அம்மா கரண்டியால் நாலு போட்டுவிட்டு, அன்று முழுவதும் ஜெபமாலையை உருட்டினாள். அப்பாவும் நானும் அவளைக் கிண்டல் செய்தோம். ஏழு வருஷம் கழித்து, மருத்துவமனையில், அவனுக்கு நினைவு தப்பிய பிறகு, அம்மா அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தாள். "அந்தக் கதைய இன்னொரு தடவ சொன்னா நான் இங்க இருக்க மாட்டேன்" என்று அப்பா சீறினார். அவர்கள் இருவருக்கும் நடுவே அன்றுதான் ஏதோ விட்டுப்போனது.

இப்போது அப்பா சீறவில்லை. எஞ்சின் சாவியை உருவி அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினார். கீழே ஆள் இருக்கும்போது யாரும் தெரியாமல் எஞ்சினைக் கிளப்பிவிடக் கூடாது என்பதற்காக.

"நீயே வெச்சுக்கோ," என்றார். "மீனா மாறினா மாறிட்டுப் போறேன்."

இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை என்னிடம் கொடுத்தார். இரண்டு இழுப்பு இழுத்தால் தூக்க வேண்டும். பின்பக்க ஏணியில் இறங்கி, மூச்சை இழுத்து, உள்ளே போனார்.

கயிறு என் கையில் உயிருள்ளது போல நெளிந்தது. அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. டன் கணக்கில் கனம். அதற்கு நேர் அடியில்தான் அப்பாவின் தலை இருந்தது.

மேலே வந்தார். இருமினார். "இறுகிப் போய்க் கெடக்கு. கல்லு மாதிரி."

மறுபடியும் போனார். நீலக் கயிற்றின் நார்கள் மிதந்து வந்தன. மேலே வந்தார். போனார். ஐம்பத்தாறு வயதில் அவர் மூச்சு இவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது முறையோ நான்காவது முறையோ அடுத்த மழை வந்துவிட்டது. வளைகுடாவே வெள்ளையாகிப் போனது. பம்கின், "சீக்கிரம்! சீக்கிரம்! என் எஞ்சின் அழுவுது!" என்று கத்தினார். எங்கள் படகு பக்கவாட்டில் சாய்ந்து பின்பக்கம் 'தொப்'பென்று தண்ணீரில் இறங்கியது. கீழே எதிலோ மோதிய ஒரு மெல்லிய அதிர்வு என் காலுக்கு வந்தது.

கையில் இருந்த கயிறு தளர்ந்தது.

"அம்மா!"

"இழு!" அம்மா கத்தினாள். "என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற, இழு!"

இழுத்தேன். எதுவோ தடுத்தது. அவ்வளவுதான், அம்மா ஏணியில் இறங்கிவிட்டாள். பாவாடையோடு, செருப்போடு. சின்ன வயதிலிருந்து புனித வெள்ளியன்று குளிக்கிற தண்ணீரைக்கூட அளந்து ஊற்றிக்கொள்கிற என் அம்மா, இடுப்பளவு கடலில் நின்று, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினாள்.

"ரோலண்ட்! ரோலண்ட்! உன்னையும் குடுக்க மாட்டேன், கேக்குதா!"

அவள் கையில் சட்டைக் காலர் சிக்கியது. நான் கயிற்றை இழுத்தேன், அவள் காலரை இழுத்தாள். அப்பாவின் தலை தண்ணீரைப் பிளந்துகொண்டு மேலே வந்தது. நெற்றியோரம் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது. முகக்கண்ணாடி போன இடம் தெரியவில்லை. அவர் வாயைத் திறந்து காற்றை விழுங்கினார். கத்தி கையில் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு கையாலும் எதையோ மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். அறுந்த நீலக் கயிறு, சுருள் சுருளாக.

"வந்துடுச்சு," என்றார். "எல்லாம் வந்துடுச்சு. கிளப்பு."

நான் ஏணிக்கம்பியோடு சேர்த்து அம்மா இறுக்கிப் பிடித்திருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்தது. விசிறியை முடுக்கவில்லை, அவர்கள் இருவரும் இன்னும் ஏணியில்தான் இருந்தார்கள். ஆனால் அந்த ஓசை கேட்டதும் பம்கின் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினார். மழை வந்த வேகத்திலேயே குறைந்தது. பின்னால் பாறை இருந்த இடத்திலேயே இருந்தது. நாங்களும்.

நான் திரும்பி வந்து அவர்களை மேலே ஏற்றக் கை நீட்டினேன். இருவரும் ஏறவில்லை. அப்பா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார், பாதி உடம்பு தண்ணீரில். அம்மா தன் பாவாடை நுனியால் அவருடைய நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தாள். வாய் ஓயவில்லை.

"நாப்பது வருஷமா படகு ஓட்டற. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், பின்னால போறதுக்கு முன்ன திரும்பிப் பார்க்கணும்னு. ஒரு தடவ தலையத் திருப்பியிருந்தா என்ன? எங்களக் கொன்னிருப்ப. நீயும் செத்திருப்ப. ஏன் பார்க்கல?"

அப்பா மடியில் இருந்த கயிற்றைப் பார்த்தார். அதில் ஜெவான் எப்போதும் போடுகிற முடிச்சுகூட இல்லை. அது படகுக்காரர்களின் புதுக் கயிறு. ஆனாலும் அவர் அதை விரலால் நீவினார், ஈரத்தைப் பிழிந்தார், மறுபடியும் நீவினார்.

"சொல்லேன். வாயில என்ன?" அம்மாவின் குரல் உடைந்தது. "திரும்பிப் பார்த்தியா இல்லையா?"

"பார்த்தேன், மார்வா. கயிறு நீளமாத்தான் கெடந்தது. ஜெவான் சத்தம் குடுப்பான்னு காத்துக்கிட்டு நின்னேன்."